படிப்பில் கடைசி... ஓட்டுப் போடுவதில் முதலிடம்! - டெல்லித் தலைவர்களை தருமபுரி எடைபோடுவது எப்படி?

தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விகிதம் மிகக் குறைவாக உள்ள மாவட்டம் எது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தருமபுரி. மாநிலச் சராசரி 80 சதவிகிதம். தருமபுரியில் 68.5 சதவிகிதம்தான். முதலிடம் பிடித்த கன்னியாகுமரி 91 சதவிகிதத்தைத் தாண்டியிருந்தது.

சரி, 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக ஓட்டுப் பதிவான தொகுதி எது? அதுவும் தருமபுரிதான். 81.20 சதவிகிதம். மாநிலச் சராசரி 69.72. படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் நிறைந்த மத்திய சென்னையில் 54 சதவிகிதம்கூடத் தேறவில்லை. இது ஒருமுறை நடந்த அதிசயமும் அல்ல. 2014, 2019 தேர்தல்களிலும் தருமபுரி 80 சதவிகிதத்தைத் தாண்டி, மாநிலத்தில் முதலிடத்தில் நின்றது.

சட்டமன்றத் தேர்தல் நெருங்கும் இந்த நேரத்தில், மோடிக்கு எவ்வளவு ஆதரவு, ராகுலுக்கு எவ்வளவு, ஸ்டாலினா, எடப்பாடியா, புதிதாக வந்திருக்கும் விஜய்யா என்று கருத்துக்கணிப்புகள் வரிசைகட்டும். டீக்கடையில் போய்க் கேட்டால் தருமபுரிக்காரர்கள் பெரும்பாலும் 'பார்க்கலாம்' என்று சிரித்துவிட்டு டீயை ஆற்றுவார்கள். அவர்கள் உண்மையிலேயே என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு வேறோர் ஆவணம் இருக்கிறது. 1977 முதல் இன்றுவரை அவர்கள் எழுதிவைத்திருக்கும் தேர்தல் முடிவுகள்தான் அது.

13 தேர்தல்... 13 எம்.பி-க்கள்!

தருமபுரி மக்களவைத் தொகுதியில் பென்னாகரம், தருமபுரி, பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் (தனி) ஆகிய ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆறாவதான மேட்டூர், சேலம் மாவட்டத்தில் இருக்கிறது.

1977 முதல் இங்கு 13 மக்களவைப் பொதுத்தேர்தல்கள் நடந்திருக்கின்றன. வாழப்பாடி ராமமூர்த்தி, கே.அர்ஜுனன், மு.தம்பிதுரை, எம்.ஜி.சேகர், கே.வி.தங்கபாலு, பி.தீர்த்தராமன், பாரிமோகன், பு.தா.இளங்கோவன், இரா.செந்தில், இரா.தாமரைச்செல்வன், அன்புமணி ராமதாஸ், டி.என்.வி.செந்தில்குமார், ஆ.மணி என்று 13 பேர் ஜெயித்திருக்கிறார்கள். ஒருவர்கூட இரண்டாவது முறை இந்தத் தொகுதியிலிருந்து டெல்லிக்குப் போகவில்லை!

இதில் எல்லாமே வாக்காளர்களின் வேலை என்று சொல்லிவிட முடியாது. வாழப்பாடி ராமமூர்த்தி அடுத்து கிருஷ்ணகிரிக்குப் போனார். தருமபுரி எம்.பி-யாக இருந்தபோதே மக்களவைத் துணை சபாநாயகர் ஆன தம்பிதுரை, பிறகு கரூர்ப் பக்கம் போய்விட்டார். செந்தில்குமாருக்கு 2024-ல் கட்சியே சீட் கொடுக்கவில்லை. ஆனால், 2009-ல் செந்தில், 2014-ல் தாமரைச்செல்வன், 2019-ல் அன்புமணி என்று பதவியில் இருந்தபடியே மறுபடியும் ஓட்டுக் கேட்டு வந்த மூவரையும் தொடர்ந்து வீட்டுக்கு அனுப்பியது சாட்சாத் தருமபுரி வாக்காளர்கள்தான்.

கட்சிக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். தி.மு.க நான்கு முறை, பா.ம.க நான்கு முறை, காங்கிரஸும் அ.தி.மு.க-வும் தலா இரண்டு முறை, மூப்பனாரின் த.மா.கா ஒருமுறை. 'இது எங்கள் கோட்டை' என்று மேடையில் முழங்காத கட்சி இங்கே குறைவு. கோட்டையின் சாவியை மக்கள் யாரிடமும் நிரந்தரமாகக் கொடுத்துவைக்கவில்லை.

அழுது போட்ட ஓட்டுகள்

தேசியத் தலைவர்களின் முகத்துக்காகவே தருமபுரி ஓட்டுப் போட்ட காலமும் உண்டு. எமர்ஜென்சி முடிந்து நடந்த 1977 தேர்தலில் வட இந்தியா இந்திரா காந்தியைத் தூக்கி எறிந்தது. அவரே ரேபரேலியில் தோற்றார். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆருடன் கைகோத்த காங்கிரஸ் பல இடங்களை அள்ளியது. அதில் தருமபுரியும் ஒன்று.

1984-ல் இந்திரா காந்தி சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். எம்.ஜி.ஆர் அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தார். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்தே நடந்த அந்தத் தேர்தலில் துக்கமும் பரிவும் ஒன்றாகச் சேர்ந்தன. தருமபுரி அ.தி.மு.க-வின் பக்கம் போனது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த மாதம் நடந்த வாக்குப்பதிவில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் அ.தி.மு.க - காங்கிரஸ் அணிக்குப் போயின. தருமபுரியில் ஜெயித்தவர் காங்கிரஸின் தங்கபாலு.

அந்தக் கண்ணீருக்கும் ஒரு காலக்கெடு இருந்தது. ஐந்தே ஆண்டுகளில், ஜெயலலிதாவுடன் மறுபடியும் கூட்டணி வைத்த நரசிம்ம ராவின் காங்கிரஸைத் தமிழ்நாடு முழுக்கத் துடைத்தது 1996 தேர்தல். தருமபுரி, த.மா.கா வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது.

தலைவர் மீதான பற்று எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கான மாறாத வடுவும் இந்த ஊருக்குத்தான் இருக்கிறது. 2000 பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் ப்ளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டதும், தருமபுரி இலக்கியம்பட்டியில் கல்விச் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள் கட்சிக்காரர்கள். மூன்று மாணவிகள் கருகி இறந்தார்கள். அரசியல் பேச்சில் தலைவர் பெயரைக் கேட்டதும் துள்ளிக் குதிக்காமல் தருமபுரிக்காரர்கள் ஒரு நிமிடம் நிதானிக்கிறார்கள் என்றால், அதற்கான காரணங்களில் இதற்கும் இடம் இருக்கக்கூடும்.

வாஜ்பாயும் சரி, சோனியாவும் சரி!

1998-ல் பா.ம.க இங்கே முதன்முறையாக மக்களவைக்கு வென்றபோது, அது அ.தி.மு.க - பா.ஜ.க அணியில் இருந்தது. அடுத்த ஆண்டே மறுதேர்தல். இப்போது தி.மு.க - பா.ஜ.க அணி. மறுபடியும் பா.ம.க ஜெயித்தது. இரண்டு முறையும் பிரதமர் முகம் வாஜ்பாய். 2004-ல் 'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரங்கள் டி.வி-யில் ஓடிக்கொண்டிருந்தபோது, பா.ம.க தி.மு.க - காங்கிரஸ் அணிக்கு மாறியிருந்தது. தருமபுரி மூன்றாவது முறையும் பா.ம.க-வையே தேர்ந்தெடுத்தது. ஆட்சி மாறியது. அன்புமணி மத்திய சுகாதார அமைச்சர் ஆனார்.

ஆறே ஆண்டுகள், மூன்று தேர்தல்கள், ஒரே கட்சி. டெல்லிக்கு அனுப்பிய செய்தி மட்டும் இரண்டு விதம். அப்படியென்றால் இவர்களுக்கு வாஜ்பாயும் சோனியாவும் ஒன்றா? இல்லை. டெல்லித் தலைவரை இவர்கள் நேராகப் பார்ப்பதில்லை. உள்ளூர் ஆள் வழியாகத்தான் பார்க்கிறார்கள் என்பதே அதன் பொருள். அந்த உள்ளூர் ஆளும் எப்போதும் காப்பாற்றிவிட முடியாது. 2009-ல் பா.ம.க அ.தி.மு.க பக்கம் தாவியபோது, போட்டியிட்ட எல்லா இடங்களிலும் தோற்றது. தருமபுரியில் தி.மு.க-வின் தாமரைச்செல்வன் 1.35 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

மோடி அலையா... மண்ணின் அலையா?

2014 தேர்தலில் நாடெங்கும் மோடி அலை. தமிழ்நாட்டில் 'மோடியா, லேடியா?' என்று கேட்ட ஜெயலலிதா 37 இடங்களை அள்ளினார். பா.ஜ.க அணி ஜெயித்தவை இரண்டே தொகுதிகள். ஒன்று, கன்னியாகுமரி. இன்னொன்று, தருமபுரி. அன்புமணி 77,000-க்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அப்படியானால் தருமபுரி மோடிக்கு ஓட்டுப் போட்டதா? அதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2012 நவம்பரில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணமாகச் சொல்லி, நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. மாவட்டமே இரண்டாகப் பிளந்து நின்றது. அந்தப் பிளவின் நிழல் விழாத ஓட்டுச்சாவடி 2014-ல் இருந்திருக்க முடியாது. டெல்லியில் அமர்ந்து வரைபடத்தில் நிறம் தீட்டியவர்களுக்கு அது 'மோடி அலை தொட்ட இடம்'. உள்ளூர்க்காரர்களுக்கோ காரணங்கள் வேறு வேறு.

அடுத்த இரண்டே ஆண்டுகளில், 2016 சட்டமன்றத் தேர்தலில், 'மாற்றம் முன்னேற்றம்' என்ற முழக்கத்துடன் முதலமைச்சர் வேட்பாளராக நின்றார் அன்புமணி. போட்டியிட்டது, தன் மக்களவைத் தொகுதிக்குள் இருக்கும் பென்னாகரத்தில். அங்கே தி.மு.க-வின் இன்பசேகரனிடம் 18,000-க்கும் அதிகமான ஓட்டுகளில் தோற்றார். டெல்லிக்கு அனுப்பிய அதே ஆளைக் கோட்டைக்கு அனுப்ப மக்கள் தயாராக இல்லை. டெல்லிக்கு ஒரு கணக்கு. சென்னைக்கு ஒரு கணக்கு.

ஒரே நாள்... ஒரே பூத்... இரண்டு இயந்திரம்!

இந்த இரட்டைக் கணக்கை வெட்டவெளிச்சமாகக் காட்டிய நாள், 2019 ஏப்ரல் 18. தினகரன் அணிக்குப் போனதால் பதவி பறிக்கப்பட்ட 18 எம்.எல்.ஏ-க்களில் அரூர் முருகனும் பாப்பிரெட்டிப்பட்டி பழனியப்பனும் இருந்தார்கள். அதனால் அந்த இரண்டு தொகுதிகளிலும் மக்களவைத் தேர்தலன்றே இடைத்தேர்தலும் நடந்தது. ஒவ்வொரு வாக்காளரும் ஒரே பூத்தில் இரண்டு இயந்திரங்களில் பட்டனை அழுத்தினார்கள்.

அப்போது அந்தப் பகுதியே கொதித்துக்கொண்டிருந்தது. 2018-ல் அறிவிக்கப்பட்ட சேலம் - சென்னை எட்டு வழிச்சாலை, 277 கிலோமீட்டர் நீளம், சுமார் 10,000 கோடி ரூபாய் மதிப்பு. அது தருமபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்து வயல்களைக் கிழித்துக்கொண்டு போவதாகத் திட்டம். கல் நட வந்த அதிகாரிகளின் காலில் விழுந்து பெண்கள் அழுத காட்சிகளை ஊரே பார்த்தது. அந்தத் திட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனவர்களில் அன்புமணியும் ஒருவர். வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு, ஏப்ரல் 8 அன்று, நில எடுப்பை ரத்து செய்தது சென்னை உயர் நீதிமன்றம். ஆனால், சேலத்தில் பிரசாரத்துக்கு வந்த மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, அதே கூட்டணி மேடையில் நின்றே 'திட்டத்தை நிறைவேற்றுவோம்' என்று பேசிவிட்டுப் போனார்.

முடிவு? மக்களவைக்கு அன்புமணி தோற்றார். தி.மு.க-வின் செந்தில்குமார் 70,753 ஓட்டுகள் அதிகம் பெற்றார். நாடு முழுக்க பா.ஜ.க தனித்தே 303 இடங்களில் ஜெயித்த தேர்தல் அது. ஆனால் சட்டமன்றத்துக்கு? அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இரண்டிலும் அ.தி.மு.க ஜெயித்தது! எடப்பாடி பழனிசாமி ஆட்சி நீடிக்கக் கைகொடுத்த ஒன்பது இடைத்தேர்தல் வெற்றிகளில் இரண்டு இங்கிருந்து போனவை. பாப்பிரெட்டிப்பட்டியில் அன்று தோற்ற தி.மு.க வேட்பாளர் ஆ.மணிதான், இன்று தருமபுரி எம்.பி.

2021-லும் இதே கதை. மாநிலம் முழுக்க தி.மு.க காற்று வீசியது. தருமபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் அ.தி.மு.க - பா.ம.க அணிக்குப் போயின. மேட்டூரும் சேர்ந்து ஆறுக்கு ஆறு. மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஆறு தொகுதிகளும் சேர்ந்து தி.மு.க எம்.பி-யைத் தேர்ந்தெடுத்தன.

கூட்டல் தப்பும் கூட்டணிக் கணக்கு

2024 தேர்தல், கூட்டணிக் கணக்குப் போடும் தலைவர்கள் எல்லோரும் உற்றுப் பார்க்க வேண்டிய பாடம். அ.தி.மு.க தனி அணி. பா.ம.க, பா.ஜ.க-வுடன். மோடியின் சேலம் பொதுக்கூட்ட மேடையில் ராமதாஸும் இருந்தார். தருமபுரியில் பா.ம.க வேட்பாளர் சௌமியா அன்புமணி. வாக்கு எண்ணிக்கையின் தொடக்கச் சுற்றுகளில் முன்னிலையில் இருந்தவர், கடைசியில் 21,300 ஓட்டுகளில் ஆ.மணியிடம் தோற்றார். மணிக்கு 4.33 லட்சம், சௌமியாவுக்கு 4.11 லட்சம், அ.தி.மு.க-வின் அசோகனுக்கு 2.94 லட்சம்.

'பா.ம.க-வும் அ.தி.மு.க-வும் சேர்ந்திருந்தால் ஏழு லட்சம் ஓட்டு. தி.மு.க காணாமல் போயிருக்கும்' என்று காகிதத்தில் கூட்டினார்கள் பலர். 2019-ல் அவர்கள் சேர்ந்துதானே நின்றார்கள்? அப்போது அந்த அணி வாங்கியது 5.04 லட்சம்தான். பிரிந்து நின்றபோது கிடைத்ததைவிட இரண்டு லட்சம் குறைவு! அ.ம.மு.க போட்டியிட்டது உட்பட அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஒன்று உறுதி. அ.தி.மு.க-வுக்கு ஓட்டுப் போடுகிறவர் எல்லோரும் பிரதமர் மோடிக்காகப் போடுகிறவர்கள் அல்ல, பா.ம.க-வின் மாம்பழத்துக்குப் போடுகிறவர் எல்லோரும் இரட்டை இலைக்குப் போடுகிறவர்களும் அல்ல. தலைவர்கள் கைகுலுக்கிக்கொண்டால் தொண்டர்களின் விரலும் சேர்ந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

2025 ஏப்ரலில் அமித் ஷா சென்னைக்கு வந்து அ.தி.மு.க - பா.ஜ.க கூட்டணியை அறிவித்தபோது, இந்தப் பழைய கணக்கே மீண்டும் பேசப்பட்டது. இதற்கிடையே பா.ம.க-வே இரண்டாகி நிற்கிறது. தந்தை ராமதாஸ் பக்கம் பென்னாகரம் எம்.எல்.ஏ ஜி.கே.மணி, மகன் அன்புமணி பக்கம் தருமபுரி எம்.எல்.ஏ எஸ்.பி.வெங்கடேஸ்வரன். பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள் இரண்டும். ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு கொடி பறக்கும் நிலை, இங்கே பல குடும்பங்களுக்குச் சங்கடமான விஷயம்.

தண்ணீர்தான் தராசு

தருமபுரிக்காரர்கள் டெல்லியை எதை வைத்து எடைபோடுகிறார்கள்? முதல் படிக்கல், தண்ணீர். காவிரி, தமிழ்நாட்டுக்குள் ஆர்ப்பரித்து இறங்கும் ஒகேனக்கல் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால், மாவட்டத்தின் பெரும்பகுதி மானாவாரிக் காடு. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, வயதாகும் முன்பே மடக்க முடியாத மூட்டு என்று தலைமுறைகள் அவதிப்பட்டன.

இதற்குத் தீர்வாக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் முதலமைச்சர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். அடுத்த மாதமே கர்நாடக பா.ஜ.க தலைவர் எடியூரப்பா ஒகேனக்கல்லுக்கே வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். கர்நாடக காங்கிரஸ் தலைவர்களும் சும்மா இருக்கவில்லை. அங்கே தேர்தல் முடியட்டும் என்று திட்டத்தைச் சிறிது காலம் தள்ளிவைத்தார் கருணாநிதி. பிறகு ஜப்பான் கடனுதவியுடன் 1,900 கோடி ரூபாய்க்கும் அதிகமான செலவில் வேலை நடந்து, 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஒரே தேசியக் கட்சி, ஆற்றின் இந்தக் கரையில் ஒன்றும் அந்தக் கரையில் வேறொன்றும் பேசும் என்பதை தருமபுரிக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மேகேதாட்டு விவகாரத்தில் இன்றுவரை அதே நாடகம்தான்.

குடிக்கத் தண்ணீர் வந்தது. வயலுக்கு? மழைக்காலத்தில் கடலுக்குப் போகும் காவிரி உபரி நீரை ஏரிகளுக்குத் திருப்பச் சொல்லி பா.ம.க 2022-ல் நடைப்பயணம் போனது, 2024-ல் கடையடைப்பு நடத்தியது. ஏரிகள் இன்னும் காத்திருக்கின்றன.

இரண்டாவது படிக்கல், ரயில். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஆங்கிலேயர் காலத்தில் சிறிய ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள். வெறும் 36 கிலோமீட்டர். அதைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. 2019 மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்னால் ஒருவழியாக அடிக்கல் நாட்டினார்கள். அதற்குப் பிறகு இன்னொரு மக்களவைத் தேர்தலே முடிந்துவிட்டது. ரயில்தான் வரவில்லை.

மூன்றாவது, நூறு நாள் வேலை. மழை பொய்த்த மாதங்களில் பல வீடுகளில் அடுப்பு எரியவைத்தது அந்தக் கூலிதான். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. காந்தியின் பெயர் போனது. நாள்கள் 125 என்று உயர்ந்தன. செலவில் 40 சதவிகிதம் மாநிலத்தின் தலையில் ஏறியது. ஆதரித்தும் எதிர்த்தும் தலைவர்கள் பேசுவார்கள். வரப்பில் மண்வெட்டியோடு நிற்கும் பெண்ணுக்குக் கேள்வி ஒன்றுதான்: கூலி எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் ஏறும்?

பெண்கள் போடும் கணக்கு

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கப்பட்டது 1989-ல், இதே தருமபுரியில். பெண் சிசுக்கொலைக்காகத் தலைப்புச் செய்தியில் அடிபட்ட மாவட்டம் அது. அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பத்து ரூபாய், இருபது ரூபாயைச் சேமித்து, நோட்டில் எழுதப் பழகினார்கள். கணக்குப் பார்க்கும் பழக்கம் அங்கே வளர்ந்தது.

அரசியல் கட்சிகளும் இதைப் புரிந்துவைத்திருக்கின்றன. மகளிர் உரிமைத்தொகை விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது தருமபுரி மாவட்டம் தொப்பூரில்தான். மாதம் 1,000 ரூபாய் மாநில அரசுடையது. ரேஷன் அரிசி, கேஸ் சிலிண்டர், விவசாயிகளுக்கான ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று எது யாருடைய பங்கு என்பதில் மேடைகள் மோதிக்கொள்ளும். வீட்டில் நோட்டு எழுதுகிறவருக்கு அது குழப்பமே இல்லை. வந்தது எவ்வளவு, சிலிண்டருக்குப் போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு? வீட்டுக்காரர் எந்தக் கட்சிக் கரை வேட்டி கட்டினாலும், பூத் மறைப்புக்குள் அவர் கூட வர முடியாது.

பெங்களூரிலிருந்து வரும் ஓட்டு

தருமபுரியில் 100-க்கு 82 பேருக்கு மேல் கிராமத்தில் வசிப்பவர்கள். பாலக்கோட்டுத் தக்காளி, காரிமங்கலம் பக்கத்து மாம்பழம், அரூர்ப் பகுதியின் மரவள்ளிக்கிழங்கு, பட்டுக்கூடு, புளி என்று விளைச்சலுக்குக் குறைவில்லை. நிலையான விலைக்குத்தான் பஞ்சம். அதனால் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று பஸ் ஏறுகிறார்கள். தேர்தல் என்றால் திரும்பி வருகிறார்கள். ஊர்த் திருவிழாவுக்கு வருவதைப் போல, கூலியை இழந்து, நெரிசலில் நின்றுகொண்டு வந்து விரலில் மை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

மலையிலும் இதே பிடிவாதம்தான். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குச் சாலை வசதி இல்லாததால், வாக்கு இயந்திரங்கள் கழுதை மேல் ஏறிப் போன தேர்தல்கள் உண்டு. ரோடு வராத ஊருக்கும் ஜனநாயகம் கழுதை ஏறி வந்தது. அங்கே மக்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். 80 சதவிகிதம் என்ற எண்ணுக்குள் இந்த உழைப்பெல்லாம் அடங்கியிருக்கிறது.

அதனால்தான் இப்போதைய வாக்காளர் பட்டியல் திருத்தம் இங்கே மற்ற ஊர்களைவிடக் கூர்மையாக வலிக்கக்கூடிய விஷயம். சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு டிசம்பர் 19 அன்று வெளியான தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் பெரும்பகுதி 'இடம் மாறியவர்கள்' என்ற கணக்கில் வந்தவை. இறந்தவர்களையும் இரட்டைப் பதிவுகளையும் நீக்குவது நியாயம். ஆனால், படிவம் கொடுக்க அலுவலர் வந்த நாளில் பெங்களூரில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தவர், 'இடம் மாறியவர்' ஆகிவிடக் கூடாது. அவருக்கு வீடும் ஊரும் ஓட்டும் தருமபுரியில்தான். தலைவர்களைப் பற்றிய கருத்தைக் கேட்பதற்கு முன்பு, கருத்துச் சொல்லும் உரிமை பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இப்போதைய அவசர வேலை. பெயர் இல்லாதவர்கள் படிவம் 6 கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

கணிப்புக்குச் சிக்காத மனசு

2024 ஜூன் 1 மாலை வெளியான எக்ஸிட் போல் முடிவுகள் பலவும் பா.ஜ.க அணிக்கு 350 இடங்களைத் தாண்டும் என்றன. கிடைத்தது 293. தமிழ்நாட்டில் பா.ஜ.க அணி கணக்கைத் தொடங்கும் என்று சொன்ன கணிப்புகள் இருந்தன. தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்த்து 40 இடங்களையும் 'இந்தியா' கூட்டணி எடுத்தது.

ஒரு மாநிலத்தில் சில ஆயிரம் பேரிடம் கேட்டால், ஒரு தொகுதிக்குச் சில பத்துப் பேர்தான் கிடைப்பார்கள். அவர்களில் பெங்களூரில் இருப்பவர் அகப்படுவதில்லை. வாசலில் நிற்கும் ஆண் பதில் சொல்வார்; அடுப்படியில் இருக்கும் பெண்ணிடம் பெரும்பாலும் கேட்பதில்லை. சாதியும் கட்சியும் தெரிந்தால் சிக்கல் வரும் ஊரில், முன்பின் தெரியாத ஆளிடம் யாரும் மனதைத் திறப்பதும் இல்லை. 'பிடித்த தலைவர் யார்?' என்ற கேள்விக்கு ஒரு பதில் வரும். 'யாருக்கு ஓட்டு?' என்பது வேறு கேள்வி. தருமபுரியில் இரண்டுக்கும் ஒரே விடை வர வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை அரை நூற்றாண்டு முடிவுகள் சொல்கின்றன.

இந்த மண்ணுக்குத் தேசிய அரசியல் புதிதும் அல்ல. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப ஆசைப்பட்டது இங்கே பாப்பாரப்பட்டியில்தான். 1925-ல் அவர் கண்மூடியதும் அங்கேயே. காவிரிக்காக 1991-ல் மத்திய அமைச்சர் பதவியை உதறிய வாழப்பாடி ராமமூர்த்தியை முதன்முதலில் எம்.பி ஆக்கியதும் இந்தத் தொகுதிதான். தேசத்தின் மீது பற்று இருக்கிறது. அதற்காகத் தண்ணீர்க் கணக்கை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. அவ்வளவுதான்.

2026 சட்டமன்றத் தேர்தலில் பிரசாரத்துக்கு எல்லாத் தலைவர்களும் வருவார்கள். ஹெலிகாப்டர் இறங்க மைதானம் தயாராகும், கூட்டமும் கூடும். அந்தக் கூட்டத்தைப் பார்த்து யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். தருமபுரிக்காரர்கள் எல்லாத் தலைவர்களையும் வரவேற்பார்கள், பேச்சைக் கேட்பார்கள், கையும் தட்டுவார்கள். கணக்கை மட்டும் பூத்துக்குள் போய்த்தான் முடிப்பார்கள்!